கல்லுக்கடியில் கரி

குதிரையைக் காணோம். அதைக் கட்டியிருந்த கல்லையும் காணோம்.

ஏகாம்பரத்துக்குக் குதிரை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கல் நின்ற இடத்தில் இருந்த குழியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்.

நேற்றுச் சாயங்காலம் சர்வேயர் நாகபூஷணம் நட்ட எல்லைக்கல் அது. அந்தப் பக்கம் ஆந்திரா, இந்தப் பக்கம் மெட்ராஸ்.

நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே, நிழலுக்கு ஒரு மரமில்லாத மொட்டை மலைச்சரிவு. இரண்டு கூடாரம், மூன்று குதிரை. குதிரைகள் ஏகாம்பரத்துடையவை. சங்கிலி, கடப்பாரை, கரி மூட்டை எல்லாவற்றையும் அவைதான் மூன்று நாளாகச் சுமக்கின்றன. சமையல் அவர் பெண்சாதி செல்லியம்மா.

மற்ற இரண்டு மட்டக்குதிரைகளும் முன்னங்காலைச் சேர்த்துக் கட்டிவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும். காணாமல் போன செவலைக்குக் கால்கட்டு ஆகாது. விடிந்தால் போதும், மலையடிவாரத்தில் இருக்கிற ஏகாம்பரத்தின் நிலத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு முளையைப் பிடுங்கப் பார்க்கும்.

நேற்று ஏகாம்பரம் சுனையிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாகபூஷணமே கல்லை நட்டு முடித்திருந்தார். அவர் முளையடிக்கக் கடப்பாரையைத் தூக்கியதும் நாகபூஷணம் சிரித்தார்.

"கல்லு உந்தி கதா ஏகாம்பரம், கல்லுதான் இருக்குதே. முளை எதுக்கு? இதுலயே கட்டு."

கட்டியாயிற்று.

இப்போது கீழே பார்த்தார். கூப்பிடு தூரத்தில் செவலை அவருடைய கேழ்வரகுப் பயிரைக் கடித்துக்கொண்டு நின்றது. சரளையில் கல் உருண்டு போன தடம் வளைந்து வளைந்து இறங்கியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் கல், நிலத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்து வரப்பில் கிடந்தது.

அவர் ஓடினார். பின்னாலேயே செல்லியம்மாவும் வந்தாள். கல்லைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

கல் மேலே நின்றால் அந்த ஒரு ஏக்கர் ஆந்திராவுக்குப் போகும். இங்கே வரப்பில் நின்றால் மெட்ராசுக்கு.

இவ்வளவு நாள் கூலிக்கு உழுத நிலம். போன சித்திரையில்தான் ஏகாம்பரம் பேருக்குப் பட்டா வந்தது. பழைய பண்ணைக்காரர் ஊர் நடுவிலேயே சொல்லிவிட்டார்: நிலம் ஆந்திரா பக்கம் விழட்டும், அந்தக் காகிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்து ஊர்க்கணக்கு எழுதுகிற கரணம் அவருக்கு மச்சான்.

"போட்டுட்டு வாய்யா," என்றாள் செல்லியம்மா. "குதுர செஞ்சதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"குதுர இழுத்துச்சின்னா எவன்மே நம்புவான்? நெலம் யாருதுன்னு கேப்பான். மொதல்ல அந்த சர்வேயரு வேல போவும். மூணு நாளா நம்ப கையால களி துன்னுக்கினு கீறாரு."

"அவரு வேல போனா வேற வேல. நம்ப நெலம் போனா?"

ஏகாம்பரம் கல்லின் பக்கம் குனிந்தார். கயிற்றை அவிழ்த்தார். முழங்கால் உயரக் கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்க மேலே நடந்தார். பத்து மணிக்கு இரண்டு கவர்மெண்டு ஆபீசர்களும் வருவார்கள். நிற்கிற கல்லைப் படத்தில் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் மாற்றமே கிடையாது.

குழிக்குள் கையை விட்டவர் மறுபடி திடுக்கிட்டார்.

உள்ளே கரி இல்லை.

எல்லைக்கல்லுக்கு அடியில் இரண்டு கை கரி போடாமல் நட மாட்டார்கள். கரி மக்காது. கல்லே காணாமல் போனாலும், தோண்டிப் பார்த்துக் கரி கிடைத்தால் இதுதான் இடம் என்று சொல்லிவிடலாம்.

கல் பிடுங்கும்போது சிதறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். "ஏமே, அடுப்புக் கரி எடுத்தா."

செல்லியம்மா முறத்தோடு கொண்டுவந்து அவர் காலடியில் கொட்டினாள்.

"இந்தா. உன் நெலத்துக்கு நீயே கொள்ளி வெய்யி."

அவர் கரியைப் பரப்பினார். கல்லை இறக்கினார். சுற்றிலும் சில்லுக்கல் போட்டுக் கடப்பாரையால் இடித்தார். வாழ்நாளில் எந்த முளையையும் அவ்வளவு இறுக்கமாக அடித்ததில்லை.

அப்போதுதான் நாகபூஷணம் காப்பி டம்ளரோடு கூடாரத்தை விட்டு வெளியே வந்தார். சரளையில் இருந்த தடத்தைப் பார்த்தார். கீழே மேய்கிற செவலையைப் பார்த்தார். பிறகு கல்லை. காலால் உதைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"நீயா நட்டே?"

"ஆமா சாமி. குதுர இழுத்துக்கினு போயிடுச்சி. அதே குழிதான், ஒரு வெரக்கட நவுரல."

"கரி?"

"போட்டுட்டன் சாமி. நீங்க போட்டது எங்கியோ செதறிப் போச்சி."

நாகபூஷணம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"யோவ்," என்றாள் செல்லியம்மா. கூடார மூலையில் கரி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "இது நீ போட்ட முடிச்சிதான?"

நேற்று மத்தியானம், முந்தைய கல்லை நட்ட பிறகு ஏகாம்பரம் போட்ட முடிச்சு. அதை யாரும் அவிழ்க்கவில்லை.

நாகபூஷணம் மெதுவாகத்தான் பேசினார். "விடிஞ்சா உன் குதிரை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு மூணு நாளா பார்த்துக்கினுதானே இருந்தேன். அதனாலதான் கரி போடாம, இறுக்காம நட்டேன்."

மலை வளைவில் ஆபீசர்களின் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

ஏகாம்பரம் இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

நன்றாக நட்டிருந்தார்.