வெரா டீச்சரின் பிரேக்

"அந்தப் பச்சை விளக்கு அணையாம எரிஞ்சாதான் நாளைக்கு நான் வண்டியில ஏறுவேன். சொல்லிட்டேன்," என்றார் வெரா டீச்சர், என் மெக்கானிக் ஷெட்டில் நின்றபடி.

நாளை அவரும் கணவரும் ரெஜைனா நகருக்குப் போக வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர். அங்கே இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து ஆறு வாரமாகிறது, பாட்டி இன்னும் முகம் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுத்தந்தவர் அவர். தேர்வுக்கே அனுப்பாமல் என்னை ஒரு கோடை முழுக்க இழுத்தடித்தவரும் அவர்தான். தூரப் பார்வை மங்கி லைசென்ஸ் போனபின், அந்தப் பழைய பயிற்சிக் காரை அவர் கணவர் ஓரெஸ்ட் ஓட்டுகிறார். கோதுமை வயலில் நாற்பது வருடம் டிராக்டர் ஓட்டிய மனிதர்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைப் போட்டால் பச்சை விளக்கு எரிகிறது. பிரேக்கைத் தொட்டால்தான் அது அணைய வேண்டும்; ஆனால் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. இதுதான் புகார்.

ஃபியூஸ் பார்த்தேன். பிரேக் சுவிட்ச் பார்த்தேன். கம்ப்யூட்டரை மாட்டியும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நான் தனியாக ஓட்டியபோது விளக்கு சமர்த்தாக எரிந்தது.

சரி என்று ஓரெஸ்டை ஓட்டச் சொல்லி, டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சற்று முன்னால் தானிய லாரி ஒன்று சாலைக்குள் திரும்பியது. டீச்சரின் முழங்கால் விறைத்தது. வண்டி லேசாகத் தயங்கியது. விளக்கு அணைந்தது.

அகப்பட்டுக்கொண்டார்! ஆசிரியருக்கென்று அவர் பக்கம் வைத்த இரண்டாவது பிரேக் இன்னும் இருக்கிறதே.

"டீச்சர், காலை எங்க வச்சிருக்கீங்க?"

"நானா? நான் எதையும் தொடலப்பா."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஷெட்டுக்குத் திரும்பியதும் அவரைக் காபி குடிக்க உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெடலைக் கழற்றலாம் என்று காலடி விரிப்பைத் தூக்கினேன்.

பெடலையும் பிரேக்கையும் இணைக்கும் கம்பி ஏற்கெனவே கழன்று கிடந்தது. போல்ட் இருந்த துளையில் துரு. கழற்றி ஒரு வருடமாவது இருக்கும்.

அதை எத்தனை மிதித்தாலும் ஒன்றும் நடக்காது.

நிமிர்ந்தேன். ஓரெஸ்ட் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"திடுதிப்புனு மிதிச்சிடறா, பயந்து கழட்டிட்டேன்," என்றார், குரலைத் தாழ்த்தி. "ஆனா அவ கால் அசைஞ்சா நான் என் பக்கம் லேசாத் தொட்டுடுவேன். வண்டி கேக்கலேன்னா அவ மனசு உடைஞ்சிடும்டா."

விரிப்பை இழுத்து மூடினேன். டீச்சரிடம் போனேன்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல டீச்சர். உங்க பக்கத்து பிரேக்தான் ரொம்ப சுறுசுறுப்பா இருக்கு. நீங்க தொட்டா போதும், விளக்கு அணைஞ்சிடுது."

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்டியா ஓரெஸ்ட்? காலையில ஆறு மணிக்குக் கிளம்பறோம். பயப்படாம ஓட்டு, நான் பாத்துக்கறேன்."