முகமூடி கழன்ற பிறகு

ராயபுரம் டீக்கடையில் ஸ்டானிஸ்லாஸ் பத்திரிகை விமர்சனத்தை உரக்கப் படித்தான்.

“முகமூடி வீரன் எல்லார் முன்னாலும் முகத்தைக் காட்டிய பிறகு, ‘அவன் யார்?’ என்று ஊரே தேடுகிறது. டைரக்டருக்குத் தலை சுற்றியதா?”

“அந்தாளு கெடக்கறான்,” என்றான் வால்டர். “நமக்கு மின்னாடியே காட்டிட்டு, அப்பால தேடவுடறாரு. புச்சா கீது நைனா!”

“கலீஜ் படம். உனக்கு மூளையே இல்ல.”

“இல்லாததாலதான் உன் தங்கச்சி ஐரீனைக் கட்டிக்க ஒத்துக்கினேன்.”

கடையே சிரித்தது. ஸ்டானிஸ்லாஸ் சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல உங்க கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேணான்னு சாமியாராண்ட சொல்லிடறேன்.”

வால்டரின் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, நீதான் இருபது தபா பாத்துக்கீறியே. படம் நல்லா கீதா, இல்லியா? நீயே சொல்லு.”

மேட்னிக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து வந்துவிட்டேன்.

படம் எங்கள் தியேட்டரில் மட்டும்தான் ஓடுகிறது. முதல் நாள் பதினொன்றாம் ரீலையும் பன்னிரண்டாம் ரீலையும் மாற்றி ஓட்டிவிட்டேன். பத்திரிகைக்காரர் வந்ததும் அன்றுதான். இனிமேல் சரியாக ஓட்டினால் குட்டு வெளிப்பட்டு, என் ஆபரேட்டர் வேலை போய்விடும்.

இன்றும் பன்னிரண்டாம் ரீலைத்தான் முதலில் மாட்டினேன்.