ஊசி பிடித்த காய்ச்சல்

"காய்ச்சல் வந்துச்சுன்னு எழுதுங்கம்மா! எம்புட்டு வாட்டி சொல்றது?"

நல்லுசாமியின் குரல் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் விலை பேசுகிற குரல். நர்ஸ் யுவராணிக்குத் தலையை வலித்தது. பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சியம்மாளுக்கு மார்பகப் புற்றுநோய், முற்றிய நிலை. கீமோவோடு சேர்த்து ஒரு புதுத் தடுப்பூசியைப் போட்டுச் சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"பிள்ளைகளுக்கு ஊசி போட்டா காய்ச்சல் வருதுல்ல? வந்தாத்தான ஊசி புடிச்சிருச்சுன்னு அர்த்தம்? இவளுக்கு ஒவ்வொரு வாட்டியும் நெத்தி கொதிக்குது. அப்ப நெசமான மருந்துதான?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்கய்யா. கீமோ போட்டவங்களுக்குக் காய்ச்சல்னா உடனே அட்மிட் பண்ணணும். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தெர்மாமீட்டர் குடுத்தேன்ல, அதுல பாத்தீங்களா?"

"என் கைக்குத் தெரியாததா அந்தக் குச்சிக்குத் தெரியப்போகுது?" என்று முறைத்துவிட்டு, டீ வாங்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பேச்சியம்மாள் யுவராணியின் கையைப் பிடித்தாள்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல தாயி. காப்பி டம்ளரை நெத்தியில ஒத்திக்கிருவேன். தொட்டுப் பாத்துட்டு, ‘புடிச்சிருச்சுடி’ன்னு அன்னைக்குத்தான் அந்த மனுசன் ரெண்டு வாய் சோறு திங்கிறாரு. சொல்லிப்புடாதீங்க."

யுவராணிக்கு எரிச்சல் தாங்கவில்லை. விளையாடுகிற விஷயமா இது? நாளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியும்? விறுவிறுவென்று டீக்கடைக்கே போய் நல்லுசாமியை மறித்தாள்.

"அய்யா, இனிமே தெர்மாமீட்டர்ல பாக்காம காய்ச்சல்னு வராதீங்க, சொல்லிட்டேன்!"

நல்லுசாமி திரும்பி ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார். குரல் தணிந்தது.

"தெனமும் அவ தூங்கையில வச்சுப் பாக்குறேன்மா. ஒருநா கூடக் காய்ச்சல் இல்ல. டம்ளர் சூடு எனக்குத் தெரியாதா? நான் நம்புறேங்கிற தெம்புலதான் அவ நடமாடுறா. நீங்க காய்ச்சல் இல்லைன்னே எழுதிக்கங்க. ஆனா அடுத்த வாட்டியும் அவ முன்னாடி நான் சண்டைக்கு வருவேன், செத்த நேரம் நீங்களும் மல்லுக்கட்டுங்க தாயி."