வாயசைப்பு

அரிசோனா வெயிலில், ஒரு குடும்பம் குடியிருக்கும் வேன் நிற்கிறது. வெளியே அப்பா கக்கூஸ் தொட்டியைக் காலி செய்கிறார். குழாய் களக் களக்கென்று கக்குகிறது. உள்ளே ஒன்பது வயது ஆர்லோ புத்தகமும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கிறான். இணையத்தில் போட அம்மா போனில் படம் பிடிக்கிறாள். "ஊர் சுத்திக்கிட்டே எம்புள்ள எப்படிப் படிக்கிறான், பாருங்க!" அவன் படிக்கவில்லை, மனப்பாடமாக ஒப்பிக்கிறான். ஓர் எழுத்தும் தெரியாது. மறக்கும் இடங்களில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அக்கா டெல்லா வாயசைக்கிறாள். அவனுக்குப் படிக்க வராதென்று இன்றைக்காவது அம்மாவுக்குத் தெரியட்டும் என்று டெல்லா உதடுகளை இறுக மூடிக்கொள்கிறாள். ஆர்லோ திணறுகிறான்; கண்கள் அவளிடம் கெஞ்சுகின்றன. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாய நல்லா அசைடி டெல்லா. இந்த இடத்த வெட்டிக்கலாம்." வெளியே அப்பா தொட்டி மூடியைத் திருகி இறுக்குகிறார். நாற்றம் போகவில்லை.