நாளைய கேள்விகள்

காட்டுக்குள் வரப்போகும் செம்புச் சுரங்கத்தை எதிர்த்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ். கடைசி வீட்டுக்காரர் மனுவைப் படித்துவிட்டு அவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"ஐந்நூறு பேருக்கு வேலை வருது. அதைக் கெடுக்கலாமாம்மா?"

"பதினஞ்சு வருஷத்துல செம்பு தீர்ந்துடும் சார். அப்புறம் ஏது வேலை?"

"சுரங்கக் கழிவைத்தான் அணை கட்டித் தேக்கிடுறாங்களே!"

"அணை கசிஞ்சா காட்டு ஏரியே விஷமாயிடும். ஊரே அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது."

"கசியாதுன்னு கம்பெனி உத்தரவாதம் தருதே?"

அவள் திணறினாள்.

"எத்தனை வருஷத்துக்குன்னு திருப்பிக் கேளுங்க" என்றார் அவரே. "முப்பது வருஷம்தான். விஷம் அதுக்கப்புறமும் அங்கேயேதான் கிடக்கும்."

பிறகு உள்ளே குரல் கொடுத்தார். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க போடலையா சார்?"

"நான் போட முடியாதும்மா. நாளைக்குப் பொது விசாரணையில கம்பெனி வக்கீலா வந்து, உங்களை இதையெல்லாம் கேட்கப்போறதே நான்தான். அங்கே வந்து திணறிடாதீங்க."