முதல் அழுகை

"தலை சுத்துதா?" என்று கேட்டாள் தினேஸ்வரி.

"இல்லலா," என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவன் யுகேந்திரன்.

"குமட்டுதா? மறைக்காமச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல." அவன் நெற்றி வியர்த்திருந்தது.

மயக்க மருந்து டாக்டர் மாதுமை சிரித்தார். "தினேஸ், இதெல்லாம் நான் உங்களைக் கேக்கணும். முதுகுல ஊசி போட்டது உங்களுக்கு. பிரஷர் எறங்காம இருக்க மருந்தும் கூடவே ஓடுது."

"நான் நல்லா இருக்கேன் டாக்டர். மூத்தவன் பொறந்தப்ப ஆபரேஷன்ல பிரஷர் எறங்கி மயங்கிட்டேன். அவன் மொத அழுகையக் கேக்கவே இல்ல. இவருதான் எங்க ஊரு சித்தியவான் முழுக்க அதை நடிச்சுக் காட்டுனாரு."

வயிற்றை மறைத்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் குழந்தை வீரிட்டது. தினேஸ்வரிக்குக் கண் நிறைந்தது.

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தரையில் கிடந்த யுகேந்திரனின் கால்களைத் தாதி தூக்கிப் பிடித்திருந்தார்.

"பிள்ள அழுதுச்சா?" என்றான், கண் விழித்ததும்.

"வீட்டுக்குப் போனதும் நடிச்சுக் காட்டுறேன்," என்றாள் அவள்.