படங்கில் சுற்றிய டிவி

"இந்தாங்க நானா! ஒங்க டிவிய நீங்களே வச்சுக்கங்க!"

கொழுந்தெடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்கில் சுற்றிக்கொண்டு வந்த டிவியைக் கடை மேசையில் பொத்தென்று வைத்தாள் மாரியாயி. பதுளை டவுனில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டுமே!

மடுல்சீமையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. வாரண்டி முடிந்ததுதான் தாமதம், மாசம் தவறாமல் படுத்துவிடுகிறது. இது ஐந்தாவது தடவை. முதல் தடவை வந்தபோது இதே கடையில் மயங்கி விழப்போய், இருதயத்தில் வருத்தம், மாசாமாசம் வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பி வேறு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கடைக்கார றிஸாத் நானா வழக்கம்போலத்தான் சொன்னார்.

"மூணு மணித்தியாலம் ஆகும் தங்கச்சி. அதுக்குள்ள கிளினிக் போய் மாத்திர எடுத்துட்டு வாங்களேன்."

"மாத்திர கெடக்குது! எப்பப் பாத்தாலும் இதே பாட்டு. காசும் வாங்க மாட்டீங்க. குத்தம் ஒங்க பக்கம் இல்லாமயா சும்மா செஞ்சு தாறீங்க?"

நானா தலையைக் குனிந்துகொண்டார். திருட்டு முழி!

மாரியாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒருநாள் பேரும் சம்பளமும் போனாப் போகுது நானா. குளவி தொரத்தி, மலையில உருண்டு, இடுப்பொடிஞ்சு கெடக்காரு எங்க வீட்டுக்காரரு. நான் கொழுந்தெடுக்கப் போயிட்டா லயத்து வீட்டுல அவருக்கு வேற யாரு இருக்கா? இது ஓடலன்னா நாள் பூரா கூரத் தகரத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கணும். போதும். என்னால முடியல. இனி டிவியும் வேணாம், பதுளையும் வேணாம். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். நானா பதறி ஓடிவந்து மறித்தார்.

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க தங்கச்சி! மொதத் தடவ மட்டுந்தான் நெசமாவே பழுது. அப்புறம் ஒவ்வொரு கிளினிக்குக்கும் முந்தின நாள், ஒங்க வீட்டுக்காரருதான் படுத்தபடியே எட்டிப் பின்னால வயரக் கழட்டி விட்டுட்டு எனக்குப் போன் எடுப்பாரு. 'அவ உசுருக்காக அவ பஸ் ஏறமாட்டா நானா, என் டிவிக்காகன்னா ஏறுவா'ன்னு அழுவாரு."